மின்ட்டா, ஆர்ச்சா? வாசகர் கேள்விகளும் ஒரு சர்வீஸ் கடைக்காரரின் பதில்களும்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாகக் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் லினக்ஸ்தான் அதிகம். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம் அது; மின்ட், ஆர்ச், உபுண்டு என்று பல வடிவங்களில், அதாவது டிஸ்ட்ரோக்களாக, கிடைக்கிறது. கேள்வியும் ஏறக்குறைய ஒன்றுதான்: எதைப் போடுவது? அதனால் இந்த மாதம் மற்றவற்றை ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொண்டேன். பிரின்டர் பிரச்சினை எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, நான் பாலிடெக்னிக் கடைசி வருடம். என்னிடம் இருப்பது ஆறாம் தலைமுறை ஐ3 லேப்டாப், 4 ஜிபி ரேம். விண்டோஸ் 11 ஏறாது என்று மெஷினே சொல்லிவிட்டது. லினக்ஸ் மின்ட் போடலாம் என்றால், ‘அது பாட்டிகளுக்கு, ஆர்ச் போட்டால்தான் லினக்ஸ் தெரியும்’ என்று ஹாஸ்டலில் கிண்டல் செய்கிறார்கள். ஆறு வாரத்தில் புராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். எது சரி?
- மாணவர், திண்டுக்கல்

பதில்: ஆறு வாரத்தில் ரிப்போர்ட் என்று நீயே எழுதிவிட்டாய் தம்பி. மின்ட் போடு.

கிண்டலுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். லினக்ஸின் உட்கருவான கெர்னலை 1991-இல் எழுதத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தன் மெஷினில் வைத்திருப்பது ஃபெடோரா என்கிற இன்னொரு டிஸ்ட்ரோ. சிரமமில்லாமல் இன்ஸ்டால் ஆகிவிட வேண்டும், தன் நேரம் கெர்னலுக்குப் போக வேண்டும் என்பது அவர் கணக்கு. அவரை யாரும் பாட்டி என்று சொல்வதில்லை.

என் கடையில் யார் வந்து கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். மெஷின் ஒருநாள் நின்றுவிட்டால் அதை யார் சரிசெய்வது, எவ்வளவு நேரத்தில்? ‘நானே, ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து’ என்று சொல்பவருக்கு ஆர்ச் பொருந்தும். ‘நாளைக் காலை பத்து மணிக்குள் ஓடியாக வேண்டும்’ என்பவருக்குப் பொருந்தாது. அவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பது இதில் வராது. என் கடையில் பில் போடும் மெஷினில் மின்ட்தான் இருக்கிறது. வீட்டு லேப்டாப்பில் ஆர்ச். இரண்டுக்கும் ஆள் நான் ஒருவன்தான்.

மின்ட் 2006-இல் வந்தது. இப்போதைய 22 வரிசை உபுண்டு 24.04 மேல் கட்டியது. 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. இன்ஸ்டாலர் மொழி, விசைப்பலகை, டிஸ்க், பெயர் என்று நாலைந்து கேள்வி கேட்கும், அப்புறம் நீ டீ குடித்துவிட்டு வரலாம். பிராட்காம் வைஃபை சிப் மாதிரி தனி டிரைவர் கேட்கும் சாமான் இருந்தால் டிரைவர் மேனேஜர் தேடிக் கொடுக்கும். அதற்கே நெட் வேண்டுமே என்றால், போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் ஆன் செய், போதும். எல்லாவற்றையும் விட நான் மதிப்பது டைம்ஷிஃப்ட். இன்ஸ்டால் முடிந்த அன்றே அதைத் திறந்து ஸ்னாப்ஷாட், அதாவது சிஸ்டத்தின் அன்றைய நிலைக்கு ஒரு நகல், எடுக்கச் சொல்லிவிடு. ஒரு அப்டேட் எதையாவது கெடுத்தால் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் டைம்ஷிஃப்ட் காப்பாற்றுவது சிஸ்டத்தை. உன் ரிப்போர்ட்டை நீதான் பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும். 4 ஜிபி ரேம் என்பதால் சின்னமன் என்கிற கனமான டெஸ்க்டாப் வேண்டாம், லேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடு. ஐஎஸ்ஓ எனப்படும் இன்ஸ்டால் கோப்பை மின்ட் தளத்திலிருந்தே இறக்கி, அது மாறாமல் வந்திருக்கிறதா என்று காட்டும் செக்சம் எண்ணைச் சரிபார்த்துவிடு. 2016 பிப்ரவரியில் ஹேக்கர்கள் மின்ட் தளத்துக்குள்ளேயே புகுந்து, பின்வாசல் வைத்த ஐஎஸ்ஓவுக்கு லிங்க்கைத் திருப்பிவிட்டிருந்தார்கள். சுலபமான டிஸ்ட்ரோ என்பதற்காக இதைத் தாண்டிப் போகக் கூடாது.

இனி ஆர்ச். ஜட் வினெட் 2002-இல் தொடங்கியது. பென்டிரைவிலிருந்து பூட் செய்தால் படமும் வராது, பட்டனும் வராது. கறுப்புத் திரையில், கமாண்டுக்குக் காத்திருக்கும் ரூட் பிராம்ப்ட் ஒன்று கண்சிமிட்டும். ஐடபிள்யுசிடிஎல் என்று அடித்து வைஃபையை நீயே பிடிக்க வேண்டும். சிஎஃப்டிஸ்க்கில் டிஸ்கைப் பார்ட்டிஷன்களாகப் பிரித்து, ஃபார்மட் செய்து, மவுன்ட் செய்து (சிஸ்டத்தோடு இணைத்து), பேக்ஸ்ட்ராப் கமாண்ட் மூலம் அடிப்படைச் சாமான்களை இறக்க வேண்டும். எந்தப் பார்ட்டிஷன் எங்கே மவுன்ட் ஆக வேண்டும் என்கிற எஃப்எஸ்டேப் கோப்பை உருவாக்கி, ஆர்ச்-க்ரூட் வழியாகப் புதிய சிஸ்டத்துக்குள் நுழைந்து, நேர மண்டலம், மொழி, ஹோஸ்ட்நேம், பாஸ்வேர்ட், சிஸ்டத்தை எழுப்பும் பூட்லோடர் என்று ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். மொழிக்கென்றே நீளமான ஒரு பட்டியல் கோப்பு உண்டு; அதில் நமக்கு வேண்டிய வரியின் முன்னால் இருக்கும் ஹேஷ் குறியை அழித்துச் சேமித்தால்தான் அந்த மொழி உருவாகும். டெஸ்க்டாப் என்பது இவ்வளவும் முடிந்த பிறகு, நீ கேட்டால்தான் வரும்.

இதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்று உன் நண்பர்கள் சொல்வது உண்மைதான். மின்ட்டில் இந்த அத்தனை வேலையும் திரைக்குப் பின்னால் நடந்துவிடுகிறது. எஃப்எஸ்டேபைக் கையால் ஒருமுறை பார்த்தவன், ‘மவுன்ட் ஆகவில்லை’ என்று சிஸ்டம் நிற்கும்போது எங்கே பார்ப்பது என்று தெரிந்தவனாகிவிடுகிறான். அதனால் ஆர்ச்சையும் விடாதே. மின்ட்டிலேயே, கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் வர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, ஒன்றரை ஜிபி ரேம், 20 ஜிபி டிஸ்க் கொடுத்து, டெஸ்க்டாப் இல்லாத ஆர்ச்சை அதற்குள் நிறுவிப் பார். அதைக் கெடு, அழி, மறுபடி நிறுவு. ரிப்போர்ட் பத்திரமாக வெளியே இருக்கும். ஒன்று மட்டும், 2021 முதல் ஐஎஸ்ஓவோடு வருகிற ஆர்ச்இன்ஸ்டால் ஸ்க்ரிப்டை முதல் தடவை தொடாதே. அது கேள்வி கேட்டு எல்லாவற்றையும் தானே செய்துவிடும். அவசரத்துக்கு நல்லது, உன் நோக்கத்துக்கு உதவாது.

கேள்வி: ஐயா, நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. கணினியில் செய்வது தட்டச்சும் இணையமும்தான். என்எச்எம் ரைட்டரில் தமிழ்99 பழகியவள். பழைய கோப்புகள் பல பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. லினக்ஸுக்கு மாறினால் இவையெல்லாம் என்ன ஆகும்? மாறலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாக மாறலாம் அம்மா. உங்களுக்கும் மின்ட்தான், ஆர்ச் பக்கம் போக எந்தக் காரணமும் இல்லை.

என்எச்எம் ரைட்டர் விண்டோஸ் மென்பொருள், அது வராது. அதற்குப் பதில் லினக்ஸில் தட்டச்சுக்கு உதவும் ஐபஸ். சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் என்று தேடி நிறுவி, இன்புட் மெத்தட் அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை லாக்அவுட் செய்து உள்ளே வாருங்கள். பிறகு ஐபஸ் அமைப்பில் தமிழ்99ஐச் சேர்க்க வேண்டும். இதில் பலர் இடறுகிற இடம் ஒன்று உண்டு. மின்ட்டின் விசைப்பலகைப் பட்டியலிலும் தமிழ்நெட்99 என்ற பெயரில் ஒன்று நேரடியாகத் தெரியும். அதை எடுத்தால் எழுத்து வரும், ஆனால் ‘க’வை இரண்டு முறை தட்டினால் ‘க்க’ வராது. புள்ளியை ஒவ்வொரு தடவையும் தனியாக வைக்க வேண்டியிருக்கும். பழகிய கைக்கு அது பெரிய எரிச்சல். ஐபஸ் வழியாக வருவதையே எடுங்கள்.

பாமினி கோப்புகள் கெட்டுப்போகாது. விண்டோஸிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மின்ட்டில் அதை இருமுறை சொடுக்கினால் இன்ஸ்டால் பொத்தானோடு திறக்கும். அப்புறம் லிப்ரே ஆஃபீஸ் ரைட்டரில் உங்கள் பழைய பக்கங்கள் பழையபடி தெரியும். இருந்தாலும் ஓய்வு நேரத்தில் யூனிகோடுக்கு மாற்றிவிடுவது நல்லது. பாமினிக் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான், எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகம் கொடுக்கிறது. அதனால்தான் அந்தக் கோப்புகளில் ‘திருவையாறு’ என்று தேடினால் ஒன்றும் அகப்படாது.

அச்சகம் உங்களிடம் பேஜ்மேக்கர் கோப்புதான் வேண்டும் என்று கேட்கிறதா? அப்படியானால் மட்டும் மாறுவதற்கு முன் அவர்களிடம் பேசிவிடுங்கள். பிடிஎஃப் போதும் என்றால் லினக்ஸில் எந்தத் தடையும் இல்லை.

கேள்வி: சார், ஆர்ச் தளத்தின் விக்கி வழிகாட்டியைப் பார்த்துப் பார்த்து அதை இன்ஸ்டால் செய்தேன். பென்டிரைவில் இருக்கும்போது வைஃபை நன்றாக வேலை செய்தது. ரீபூட் ஆனதும் லாகின் வருகிறது, நெட் மட்டும் இல்லை. ஐடபிள்யுசிடிஎல் அடித்தால் அப்படி ஒரு கமாண்டே இல்லை என்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து செய்யவா?
- மென்பொருள் சோதனைப் பணியாளர், நாகர்கோவில்

பதில்: அழிக்காதீர்கள்! உங்கள் சிஸ்டம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆர்ச்சை முதன்முதலில் போடுகிறவர்களில் நிறையப் பேர் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

பென்டிரைவில் இருந்தது ஒரு சிஸ்டம், டிஸ்க்கில் நீங்கள் நிறுவியது இன்னொரு சிஸ்டம். முதலாவதில் வைஃபை கருவிகளை அவர்களே வைத்திருந்தார்கள். இரண்டாவதில் நீங்கள் வைத்தது மட்டும்தான் இருக்கும். பேக்ஸ்ட்ராப்பில் அடிப்படைத் தொகுப்பு, கெர்னல், ஃபர்ம்வேர் மூன்றையும் கொடுத்திருப்பீர்கள். அந்த மூன்றில் எதுவும் வைஃபையை இணைத்துக் கொடுக்காது.

செய்ய வேண்டியது இது. பென்டிரைவைப் போட்டு மறுபடி பூட் செய்து, வைஃபையைப் பிடியுங்கள். உங்கள் ரூட் பார்ட்டிஷனை எம்என்டி ஃபோல்டர் மேல் மவுன்ட் செய்யுங்கள். ஃபார்மட் வேண்டாம், மவுன்ட் மட்டும். ஆர்ச்-க்ரூட் மூலம் உள்ளே போய், ஆர்ச்சின் நிறுவு கருவியான பேக்மேனில் நெட்வொர்க்மேனேஜரை நிறுவி, சர்வீஸ்களை இயக்கும் சிஸ்டம்சிடிஎல்லில் அதை எனேபிள் செய்யுங்கள். இந்தக் கடைசிப் படியை மறந்தால் சாமான் இருக்கும், ஆனால் பூட் ஆகும்போது எழுந்திருக்காது. வெளியே வந்து ரீபூட். அப்புறம் என்எம்டியுஐ என்று அடித்தால் வைஃபை பட்டியல் திரையிலேயே வரும்.

இந்த வழி மனதில் இருக்கட்டும். ஆர்ச்சில் எது கெட்டாலும் மருந்து பெரும்பாலும் இதுதான்: பென்டிரைவ், மவுன்ட், க்ரூட். 2022 ஆகஸ்டில் க்ரப் பூட்லோடரின் அப்டேட் ஒன்று வந்து சில மெஷின்கள் பூட் ஆகாமலே நின்றன. க்ரூட் தெரிந்தவர்கள் உள்ளே போய் க்ரப்பை மறுபடி நிறுவி அன்றே வேலைக்குத் திரும்பினார்கள். அதனால் அந்தப் பென்டிரைவை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அப்டேட் செய்யும் முன் ஆர்ச் தளத்தின் முகப்பில் இருக்கும் செய்திகளை ஒரு பார்வை பாருங்கள், கையால் செய்ய வேண்டியது ஏதாவது இருந்தால் அங்கேதான் எழுதுவார்கள். ஒரு புரோகிராமுக்காக மட்டும் பட்டியலைப் புதுப்பித்து அதை மட்டும் ஏற்றாதீர்கள்; ஏற்றினால் முழு சிஸ்டத்தையும் சேர்த்து ஏற்றுங்கள். பாதி புதுசு, பாதி பழசு என்கிற நிலையை ஆர்ச் ஆதரிப்பதில்லை. மாதக்கணக்கில் தொடாமல் விட்டு, பிறகு சிக்னேச்சர் சரியில்லை என்று அப்டேட் முரண்டுபிடித்தால், அந்தக் கையெழுத்துகளைச் சரிபார்க்கும் சாவிகள் உள்ள ஆர்ச்லினக்ஸ்-கீரிங் தொகுப்பை முதலில் புதுப்பித்துவிட்டு உடனே முழு அப்டேட் போடுங்கள்.

ஏயுஆர் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே கிடைக்காதது இல்லை. ஆனால் அது பயனர்கள் ஏற்றிவைக்கும் பில்ட் ஸ்க்ரிப்டுகளின் கிடங்கு. 2025 ஜூலையில் ஃபயர்ஃபாக்ஸ் பேட்ச் என்றும் லிப்ரேவுல்ஃப் திருத்தம் என்றும் பெயர் வைத்துக் கள்ள மென்பொருள் உள்ளே வந்தது. இரண்டு நாளில் நீக்கிவிட்டார்கள். ஆனாலும் இடையில் ஏற்றியவர்கள் ஏற்றியவர்கள்தானே. பிகேஜிபில்ட் என்கிற அந்த ஸ்க்ரிப்டைத் திறந்து, எந்த முகவரியிலிருந்து எதை இறக்குகிறது என்று படித்துப் பார்க்காமல் என்டர் தட்டாதீர்கள்.

கேள்வி: கடையில் டேலி ஓடுகிறது, ஜிஎஸ்டி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எல்லாம் அதே கம்ப்யூட்டரில்தான். மகன் லினக்ஸ் போடச் சொல்கிறான், செலவே இல்லையாம். போடவா?
- மளிகை வியாபாரி, விருதுநகர்

பதில்: வேண்டாம் அண்ணாச்சி. டேலிபிரைம் விண்டோஸுக்கானது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் ஒயின் மூலம் ஓட்டிக் காட்டுபவர்கள் உண்டு, ஆனால் இருபதாம் தேதி ரிட்டர்ன் போடும் அன்று டோக்கன் தெரியவில்லை என்றால் தம்பியும் கையைப் பிசைவார். கடைக்கு விண்டோஸ் 11 ஏறும் மெஷின் ஒன்று வாங்குங்கள். பழையதை மகனிடம் கொடுத்துவிடுங்கள், அவர் ஆசைப்படி எந்த டிஸ்ட்ரோவும் போட்டுப் பழகட்டும்.

கேள்வி: உபுண்டுவைப் பற்றி நீங்கள் வாயே திறப்பதில்லையே, ஏன்? மின்ட்டுக்கும் ஆர்ச்சுக்கும் நடுவில் வேறு எதுவும் கிடையாதா? எனக்கு லினக்ஸ் அட்மின் வேலைக்குப் போக ஆசை, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.
- வாசகர், ஓசூர்

பதில்: உபுண்டு மேல் எனக்குக் கோபமெல்லாம் இல்லை. 2004-இல் வந்தது, கேட்டவர்களுக்கெல்லாம் தபாலில் சீடி அனுப்பினார்கள், உறையோடு, இலவசமாக. 2011 வரை அது நடந்தது. என் தலைமுறையில் பலர் லினக்ஸை முதலில் பார்த்தது அந்தச் சீடியில்தான். இப்போது எனக்கு ஒத்துவராதது ஸ்னாப் என்கிற அவர்களுடைய மென்பொருள் தொகுப்பு முறை. ஃபயர்ஃபாக்ஸைக்கூட ஸ்னாப்பாகக் கொடுக்கிறார்கள்; பழைய ஹார்ட் டிஸ்க் மெஷினில் முதல் தடவை திறக்க அது எடுத்துக்கொள்ளும் நேரத்தை நீங்களே பார்த்தால் புரியும். மின்ட் 2020-லேயே அதை ஒதுக்கி வைத்துவிட்டது. நல்ல எஸ்எஸ்டி உள்ள புதிய மெஷின் என்றால் உபுண்டுவும் சரிதான்.

நடுவில் கிடையாதா என்றால், டெபியன் இருக்கிறது. 1993-இல் தொடங்கியது, உபுண்டுவுக்கே தாய்வீடு. முன்பெல்லாம் வைஃபை ஃபர்ம்வேரைத் தனியாகத் தேடி அலைய வேண்டும். 2023-இல் வந்த பதிப்பு 12 முதல் இன்ஸ்டாலரிலேயே சேர்த்துவிட்டார்கள். அதிகம் கைபிடிக்காது, அதிகம் வேலையும் வைக்காது. ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒன்று வரும், ஒவ்வொன்றுக்கும் சுமார் 13 மாதம் ஆதரவு. வருடத்துக்கு ஒருமுறையாவது பதிப்பு மாற்றத் தயார் என்றால் எடுக்கலாம். எண்டெவர்ஓஎஸ்ஸில் இன்ஸ்டாலர் அழகாக இருக்கும், ஆனால் உள்ளே இருப்பது ஆர்ச். நுழைவது சுலபமாகிவிட்டதே என்று பராமரிப்பும் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். 2022 க்ரப் கதையில் அதிகம் திண்டாடியது இவர்கள்தான்.

வேலைக்கென்றால் டெஸ்க்டாப் டிஸ்ட்ரோ எதுவானாலும் பரவாயில்லை. கம்பெனி சர்வர்களில் இருப்பவை ரெட் ஹேட், அதன் வழியில் வந்த ராக்கி, அல்மா. அல்லது உபுண்டு, டெபியன். ரெட் ஹேட்டுக்கு இலவச மாற்றாக இருந்த சென்ட்ஓஎஸ் 8-ஐ 2021 முடிவோடு நிறுத்தியதால் பிறந்தவைதான் ராக்கியும் அல்மாவும். ஒரு வர்ச்சுவல் மெஷினில் ராக்கி போட்டு, தூரத்திலிருந்து கமாண்ட் கொடுக்கும் எஸ்எஸ்எச் வழியாக மட்டும் அதைத் தொடுங்கள். ஃபைல் பர்மிஷன், சர்வீஸ் ஏன் எழவில்லை என்று சிஸ்டம் பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல்லில் பார்ப்பது, டிஸ்க் நிரம்பினால் எங்கே நிரம்பியது என்று கண்டுபிடிப்பது, இவற்றைப் பழகுங்கள். ரெட் ஹேட்டின் அட்மின் சான்றிதழுக்கான ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியே கிடையாது. ஓடுகிற மெஷினைக் கொடுத்துச் செய்யச் சொல்வார்கள். ‘நான் ஆர்ச் உபயோகிக்கிறேன்’ என்று இன்டர்வியூவில் சொன்னால் சிரித்துக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

கேள்வி: அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப் பரணில் இருந்தது. 2 ஜிபி ரேம். பூட் ஆகும்போது விண்டோஸோடு ‘பாஸ்’ என்றும் ஒன்று காட்டுகிறது. என் பையன் மூன்றாம் வகுப்பு, அவனுக்கு உதவுமா?
- வாசகர், அறந்தாங்கி

பதில்: அது பாஸ் லினக்ஸ், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் மேல் உருவாக்கியது. 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு சேர்த்துக் கொடுத்தார்கள். ஆக, உங்கள் அக்கா வீட்டில் லினக்ஸ் அப்போதே வந்துவிட்டது, யாரும் திறந்து பார்க்கவில்லை. அந்தப் பழைய பதிப்பை அப்படியே இணையத்தில் விடாதீர்கள்.

2 ஜிபியில் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ ஏறும், பிரௌசரில் இரண்டு டேப் திறந்ததும் திணறும். பழைய ரேம் ஒன்று கிடைத்தால் 4 ஜிபி ஆக்கி, ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு சாட்டா எஸ்எஸ்டி மாட்டுங்கள். அப்புறம் மின்ட் சரியாக ஓடும். பணம் போட மனமில்லை என்றால் ஆன்டிஎக்ஸ் என்கிற டிஸ்ட்ரோ. முகம் பழசாகத் தெரியும், ஆனால் அந்த மெஷினுக்கு லேசானது. எதைப் போட்டாலும் குழந்தைகளுக்கான ஜிகாம்ப்ரிஸ், டக்ஸ் பெயின்ட் இரண்டும் நிறுவிக் கொடுங்கள். சார்ஜரின் ஒயரை மட்டும் முதலில் பாருங்கள், பரணில் எலி கடித்திருக்கும்.

கேள்வி: இரண்டு வருடமாக ஆர்ச். போரடிக்கிறது. அடுத்து ஜென்டூவா, லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்சா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டும் ஒரே வகையல்ல. லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச் என்பது ஜெரார்ட் பீக்மன்ஸ் 1999-இல் தொடங்கிய ஒரு கையேடு. கம்பைலர் முதல் எல்லாவற்றையும் சோர்ஸிலிருந்து நீங்களே கட்டுவீர்கள். முடித்த பின் அப்டேட் கொடுக்க யாரும் இல்லை, நீங்கள்தான். ஒரு விடுமுறைக்கு நல்ல வேலை, தினசரி உபயோகத்துக்கு அல்ல. ஜென்டூ முழு டிஸ்ட்ரோ; அதில் மென்பொருளை நிறுவிப் புதுப்பிக்கும் போர்ட்டேஜ் இருக்கிறது, யூஸ் ஃப்ளாக் என்கிற குறிகளை வைத்து ஒவ்வொரு புரோகிராமிலும் எது வேண்டும், எது வேண்டாம் என்று வெட்டலாம். அதை வைத்துக்கொண்டு வாழலாம்.

நீங்கள் ஜென்டூ போடுங்கள். 2023 டிசம்பரிலிருந்து, கம்பைல் செய்து முடித்த தயார் பைனரிகளையும் அவர்களே கொடுக்கிறார்கள். பிரௌசரை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். குரோமியத்தைக் கம்பைல் செய்யப் போகிறேன் என்று பிடிவாதம் பிடித்தால், லேப்டாப்பை மெத்தை மேல் வைக்காமல் ஃபேன் காற்று படும்படி மேஜையில் வைத்து, சார்ஜரை மாட்டிவிட்டுத் தூங்கப் போங்கள். காலையிலும் ஓடிக்கொண்டிருக்கலாம்.